பெருந்தாழைக்குத் திரும்பி வந்த சுவர்

பெருந்தாழை என்ற ஊருக்கு எல்லாம் இருந்தது, பெருமை ஒன்றைத் தவிர. பேருந்து நிலையம் இருந்தது, நிலையத்துக்குள் கழிப்பறை இருந்தது, கழிப்பறைக்குப் பூட்டு இருந்தது, அந்தப் பூட்டின் சாவி எங்கே என்று தெரிந்த ஒருவர்கூட எங்கேயோ இருந்தார். ஆனால் பக்கத்து ஊரான மேலக்காவலுக்கு இருந்ததைப் போல இனிப்புக்கடைப் பெட்டியின் மேல் அச்சடிக்க ஒரு மணிக்கூண்டு இல்லை. மேலக்காவல்காரர்கள் பெருந்தாழைக்குப் பெண் பார்க்க வரும்போதெல்லாம் அந்தப் பெட்டியைத்தான் தாம்பாளத்தில் வைத்தார்கள், பெண் வீட்டார் இனிப்பை எடுத்துக்கொண்டு பெட்டியைக் கவிழ்த்து வைத்தார்கள். அப்படிக் கவிழ்த்துக் கவிழ்த்து அலுத்துப்போன ஊர், நகராட்சி தொடங்கி நூற்றைம்பதாவது ஆண்டு வந்தபோது, நமக்கும் ஏதாவது பழையதாக இருந்தே ஆக வேண்டும் என்று முடிவு செய்தது.

அப்போது நகர்மன்றத் தலைவியாக இருந்தவர் கமலவேணி. தலைவியின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் அவர் கணவர் ஏகாம்பரம். கூட்டங்களை அவரே நடத்துவார், மாலைகளை அவரே வாங்கிக்கொள்வார், மனைவியின் கையெழுத்தையும் அவரே போடுவார். போட்டுப் போட்டுப் பழகியதில் அந்தக் கையெழுத்து கமலவேணியைவிட அவருக்கு அழகாக வந்தது. கமலவேணி பதவியேற்ற அன்று ஒரு முறை அலுவலகத்துக்கு வந்திருக்கிறார். அதற்குப் பிறகு வீட்டில் இருந்தார், யாரும் அவரை எதுவும் கேட்கவில்லை.

ஏகாம்பரம் ஆள் விட்டு அழைத்தது வேதநாயகியை. மலைச்சாலைத் தனியார் கல்லூரியில் வரலாறு நடத்துகிற பேராசிரியை, பெரிய தெருவில் பிறந்து பெரிய தெருவிலேயே வாழ்க்கைப்பட்டவர், ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருந்தவர். விடுமுறை நாட்களில் பிற பெண்கள் நகைக்கடைக்கும் கோயிலுக்கும் போக, இவர் மாவட்ட ஆவணக் காப்பகத்துக்குப் போய்த் தும்மிக்கொண்டே பழைய வரைபடங்களைப் பிரிப்பார். கைபேசிக் கடை இருக்கும் இடத்தில் முன்பு சுங்கச்சாவடி இருந்ததும், திருமண மண்டபத்தின் சமையல்கட்டுக்கு அடியில் ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு மூடிக் கிடப்பதும், ரேஷன் கடையின் பின்சுவர் ஒரு காலத்தில் குதிரை லாயத்தின் முன்சுவராக இருந்ததும் அவருக்குத் தெரியும். யாரும் கேட்காததால் யாருக்கும் அவர் சொன்னதில்லை. கணவருக்கு ஒரு முறை சொல்லத் தொடங்கினார், கணவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார்.

"மேடம், மணிக்கூண்டு மாதிரி ஒண்ணு வேணும்," என்றார் ஏகாம்பரம். "இல்லேன்னா ஒரு கோட்டை. கோட்டை இருந்தா இன்னும் நல்லது. இருந்து இடிஞ்சு போனதா இருந்தாலும் பரவாயில்ல, இருந்துச்சுன்னு ஆதாரம் இருந்தா போதும்."

வேதநாயகி காப்பகத்தில் போய் உட்கார்ந்தார். துணியில் ஒட்டிய வரைபடங்கள், எலி கடித்த ஓரங்கள், காப்பிக்கறை போலப் பழுத்துப்போன புகைப்படங்கள், யாரோ ஒரு வெள்ளைக்கார அதிகாரி குதிரைமேல் போகும்போது கிறுக்கிய குறிப்புகள். பெருந்தாழையின் பழைய அளவை வரைபடத்தில் பெரிய தெருவுக்குத் தெற்கே, ஏரிக்கரையில் தொடங்கிப் பனங்காடு வரைக்கும், அழுத்தமான சிவப்பில் ஒரு கோடு ஓடியது. அதன்மேல் 'சுவர்' என்று எழுதியிருந்தது. அதே சுவர் ஒரு புகைப்படத்திலும் இருந்தது. இரண்டு ஆள் உயரம், செங்கல், சுண்ணாம்புப் பூச்சு. அதன் அடியில் சிலர் நின்றார்கள். படம் எடுத்து முடியும்வரை அசையாமல் நிற்க முடியாததால் அவர்கள் முகங்கள் கலைந்து போயிருந்தன. வேதநாயகி மெல்லிய தாளில் வரைபடத்தைப் பிரதி எடுத்து, இன்றைய ஊரின் செயற்கைக்கோள் படத்தின் மேல் வைத்து, அளவை நாடாவோடு வெயிலில் நடந்து, சுவர் எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று சாணகலம்கூடப் பிசகாமல் கண்டுபிடித்துவிட்டார். அந்தக் கோடு இன்றைய தெற்குச் சாலையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. கோட்டுக்கு வடக்கே பெரிய தெருவும் கடைத்தெருவும் பள்ளியும் ஆஸ்பத்திரியும். தெற்கே தெற்குமேடு.

அந்தச் சுவரை யார் கட்டினார்கள், ஏன் கட்டினார்கள் என்பதும் காப்பகத்திலேயே கிடைத்தது, ஒளிவு மறைவு எதுவும் இல்லாமல். தெற்குமேட்டு மக்கள் ஏரியில் தண்ணீர் எடுக்கவும் பெரிய தெருவில் செருப்புக் காலோடு நடக்கவும் தொடங்கிவிட்டதால், அவர்கள் வராமல் இருக்கும்பொருட்டுப் பெரிய தெருக் குடும்பத்தார் சேர்ந்து கட்டிக்கொள்கிறார்கள் என்றும், அதற்கு அனுமதி வேண்டும் என்றும் அவர்களே பெருமையோடு எழுதி, வரிசையாகக் கையெழுத்திட்டுக் கொடுத்திருந்தார்கள். முதல் கையெழுத்து வேதநாயகியின் பூட்டனாருடையது. பிற்பாடு ஒரு பெருவெள்ளத்தில் சுவர் கரைந்துபோனது. மறுபடி கட்ட ஊரிடம் அப்போது செங்கல் இல்லை, ஆசை இருந்தது.

வேதநாயகி நேர்மையானவர்தான், எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வந்தார். ஏகாம்பரம் படித்துவிட்டு ஒரு பத்தியில் விரலை வைத்தார்.

"இது எதுக்கு மேடம்? நல்ல நாளும் அதுவுமா?"

"அதுதாங்க உண்மை."

"உண்மையை யாரு வேணாங்கறா? 'ஊரின் பாதுகாப்புக்காக எழுப்பப்பட்ட காப்பரண்'னு போடுங்க. இதுல ஒரு பொய் இருக்கா சொல்லுங்க. யாரோ யாரையோ தடுக்கத்தானே சுவர் கட்டுறது? அப்புறம், கல்வெட்டுல உங்க பேரைப் பெருசா போடச் சொல்லியிருக்கேன். 'ஆய்ந்து கண்டவர்'னு."

இருபத்தைந்து வருடங்களாகத் தும்மியவருக்கு அந்தக் கடைசிச் சொல் இனித்தது. வேதநாயகி பேனாவை எடுத்து அந்தப் பத்தியை அடித்தார்.

நகர்மன்றம் கூடியது. பெருந்தாழையில் பாரம்பரியச் சுவர் ஒன்று உண்டு என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. இதற்கு முன்பு அதே மன்றம் தெற்குமேட்டில் சாக்கடை உண்டு என்றும், எரிகிற தெருவிளக்கு உண்டு என்றும், குடிநீர்த் தொட்டி உண்டு என்றும் தீர்மானம் போட்டிருக்கிறது, அவை எதுவும் வந்ததில்லை. இந்தத் தீர்மானம் மட்டும் பலித்தது. மறுநாள் காலை ஊர் எழுந்து பார்த்தபோது ஏரிக்கரையிலிருந்து பனங்காடு வரைக்கும் சுவர் நின்றது, இரண்டு ஆள் உயரத்துக்கு, சுண்ணாம்பு ஈரம்கூடக் காயாமல். யாரும் வியக்கவில்லை. நகராட்சி ஒரு வேலையைக் காலத்தில் முடித்துவிட்டதே என்று மட்டும் டீக்கடையில் கொஞ்சம் பேசிக்கொண்டார்கள்.

சாலையை மறித்து நிற்கிறதே, எப்படிப் போவது என்று முதலில் யோசித்தவர் பெரிய தெருவின் ஒரு பால்காரர். யோசித்துக்கொண்டே பிரேக் பிடிக்க மறந்து சைக்கிளோடு சுவருக்குள் போனார், அந்தப் பக்கம் வந்தார். மேலில் தூசிகூட ஒட்டவில்லை, மழைக்கு முந்தைய காற்றில் நுழைந்ததுபோலக் கொஞ்சம் குளிர்ந்ததாம், அவ்வளவுதான். அதைக் கேட்டுக் கடைக்காரர்கள் போனார்கள், வாத்தியார்கள் போனார்கள், லாரிகள் போயின, ஆடு மாடுகள் போயின. சுவர் யாரையும் எதுவும் செய்யவில்லை. "நல்ல சுவர்," என்றது ஊர்.

தெற்குமேட்டிலிருந்து வேலைக்குக் கிளம்பி வந்தவர்களுக்கு மட்டும் அது செங்கல்லாக இருந்தது. வேகமாக வந்தவர்களுக்கு நெற்றி புடைத்தது, மெதுவாக வந்தவர்களுக்கு மூக்கு. மேட்டிலிருந்து வரும் டவுன் பஸ், சுவரைத் தொட்டதும் ஓட்டுநரும் இருக்கைகளும் கம்பிகளும் உள்ளே போயின, பயணிகள் அப்படியே பின்னுக்குத் தள்ளப்பட்டுத் தள்ளப்பட்டுப் பின்வாசல் வழியாக ஒருவர்மேல் ஒருவராகச் சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். மறுநாளிலிருந்து கண்டக்டர் முன்கூட்டியே குரல் கொடுத்தார்: "சுவர் வருது, சுவர் வருது! இறங்குறவங்க இறங்குங்க, இறங்க வேண்டாதவங்க உட்காருங்க." அந்த இடத்துக்குச் 'சுவர் நிறுத்தம்' என்று பெயர் வந்தது. பெயர் வந்த பிறகு அது எப்போதும் இருந்ததுபோலவே ஆகிவிட்டது.

சுவரைச் சுற்றிக்கொண்டு வர ஒரு வழி இருந்தது. பனங்காட்டுக்குள் புகுந்து சுடுகாட்டைத் தாண்டி வாய்க்கால் மேட்டில் ஏறி வர வேண்டும்.

இதைப் பற்றி நகராட்சியில் மனு கொடுத்தார்கள். நகராட்சி ஒன்றும் இரக்கமில்லாதது அல்ல. நிபுணர் குழு அமைத்தது. குழு வடக்கிலிருந்து சுவருக்குள் நடந்து தெற்கே போய், தெற்கிலிருந்து வடக்கே நடந்து வந்து, தடை எதுவும் தென்படவில்லை என்று அறிக்கை கொடுத்தது. ஆனாலும் மனிதாபிமான அடிப்படையில் சுவரின் தெற்குப் பக்கத்தில் மட்டும் பஞ்சு மெத்தைகள் தொங்கவிடப்பட்டன. நெற்றி வீக்கத்துக்கு இலவச மருத்துவ முகாம் அறிவித்தார்கள், முகாம் வடக்குப் பக்கம் நடந்தது. பள்ளிகளில் 'எங்கள் ஊர்ச் சுவர்' என்று கட்டுரைப் போட்டி வைத்தார்கள், மேட்டுப் பிள்ளைகள் யாரும் கலந்துகொள்ளாததால் அவர்களுக்கு வரலாற்றில் ஆர்வம் இல்லை என்று தலைமையாசிரியர் வருத்தப்பட்டார்.

ஒரே ஒரு சிக்கல்தான் ஊருக்கு உறைத்தது. துப்புரவுப் பணியாளர்கள் எல்லோரும் தெற்குமேட்டுக்காரர்கள். பெரிய தெருவில் குப்பை சேர்ந்தது, சேர்ந்தது முழங்கால் உயரத்துக்கு வந்தது, வாடை மாடிவரை ஏறியது. உடனே ஒரு வேன் ஏற்பாடானது. விடிவதற்கு முன்பே சுடுகாட்டு வழியாகச் சுற்றிக்கொண்டு போய்ப் பணியாளர்களை ஏற்றிவந்து, பெருக்கி முடித்ததும் அதே வழியில் கொண்டுபோய் விட்டது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளையும் அதில் ஏற்றக் கூடாதா என்று கேட்டார்கள். வேன் அதற்கு ஒதுக்கப்பட்டதல்ல என்று பதில் வந்தது.

மற்றபடி ஊர் சுவரோடு கொஞ்சிக் குலாவத் தொடங்கியது. இனிப்புக்கடைப் பெட்டியில் சுவர் வந்துவிட்டது. சுவரைக் கட்டிய மன்னர் எங்கள் ஆள் என்று இரண்டு சங்கங்கள் போஸ்டர் ஒட்டின. மன்னரே கிடையாதே என்று யாருக்கும் தோன்றவில்லை. புதுமணத் தம்பதிகள் சுவருக்குள் பாதி உடம்பை நுழைத்து, செங்கல்லிலிருந்து முளைத்ததுபோல் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். 'பாதிப்படம்' இல்லாத கல்யாண ஆல்பம் ஆல்பமே இல்லை என்றாயிற்று.

தெற்குமேட்டில் டாக்டர் சுகிர்தா இருந்தார். அரசுக் கால்நடை மருத்துவர். சொந்த ஊரிலேயே வேலை கிடைத்தது என்று மேட்டில் வீடு கட்டிக்கொண்டு வந்தவர். முதல் நாள் ஸ்கூட்டரோடு சுவரில் மோதி, நெற்றியில் மூன்று தையல் போட்டுக்கொண்டார். பிறகு தினமும் சுடுகாட்டு வழியாக மருத்துவமனைக்கு வந்தார். அவருடைய ஊசி பட்ட மாடுகள் சுவரை ஊடுருவி நேரே வீட்டுக்குப் போகும், அவர் சுற்றிக்கொண்டு போவார். ஒரு நாள் வெள்ளைக் கோட்டோடு கல்லூரிக்குள் வந்து, ஆசிரியர் அறையில் வேதநாயகியின் எதிரே உட்கார்ந்தார்.

"மேடம், யாழினின்னு உங்க வகுப்புல ஒரு பொண்ணு. ஞாபகம் இருக்கா?"

இருந்தது. வகுப்பில் மற்றவர்கள் தூங்கும்போது கேள்வி கேட்கிற பெண். போன வருடம் காப்பகத்துக்குத் தன்னையும் கூட்டிப்போகச் சொல்லிக் கெஞ்சியவள்.

"ரொம்ப நாளா வரலையே. ஆப்சென்ட் போட்டுக்கிட்டிருக்கேன்."

"போடுறீங்கன்னு தெரியும். இன்னும் கொஞ்சம் போட்டீங்கன்னா பரீட்சை எழுத முடியாது, பேரை எடுத்துருவாங்க. சுடுகாட்டு வழியா ஒத்தைப் பொண்ணை அனுப்ப அவங்க அம்மாவுக்குப் பயம். நான் ஸ்கூட்டர்ல கூட்டிட்டு வரேன்னேன். 'நீங்க ஒருத்தியைக் கூட்டிட்டுப் போவீங்க, மத்த பிள்ளைங்க?'ன்னு அவ என்னையே கேட்டா."

வேதநாயகி மேசை மேல் இருந்த காகிதங்களை ஒழுங்கு செய்தார். அவை ஒழுங்காகத்தான் இருந்தன.

"அந்தச் சுவர் ஏன் கட்டினாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார் சுகிர்தா.

"தெரியும்."

"எங்களுக்கும் தெரியும். எங்க தெருவுல கைக்குழந்தைக்கும் தெரியும். சுவர்ல எழுதி வெச்சிருக்கீங்களே, பாதுகாப்புக்குன்னு. யார்கிட்டேருந்து பாதுகாப்பு மேடம்? என்கிட்டேருந்தா? உங்க வீட்டுப் பசு கன்னு போட முடியாமக் கிடந்தப்ப யாருங்க வந்தது?"

வேதநாயகிக்கு அந்த நாள் நினைவிருந்தது. சுகிர்தா தொழுவத்தில் வேலையை முடித்துவிட்டு அங்கேயே கை கழுவினார். வீட்டுக்குள் வரச் சொல்ல வேண்டும் என்று வேதநாயகிக்குத் தோன்றியது, தோன்றிக்கொண்டிருக்கும்போதே சுகிர்தா கிளம்பிப் போய்விட்டார்.

"நான் என்ன செய்யணும்?"

"அதையும் நானே சொல்லணுமா?" என்று எழுந்தார் சுகிர்தா. "நீங்க படிச்சதைப் படிங்க. அது போதும்."

நூற்றைம்பதாம் ஆண்டு விழா சுவரை ஒட்டி, வடக்குப் பக்கம் பந்தல் போட்டு நடந்தது. நாதஸ்வரம், நாட்டியம், பொன்னாடை. ஏகாம்பரத்துக்கு ஒரு யோசனை உதித்தது. விழா மலரின் அட்டைக்காகத் தானும் ஒரு பாதிப்படம் எடுத்துக்கொள்ள வேண்டும், ஆனால் எல்லோரையும்போலப் பக்கவாட்டில் அல்ல, சுவருக்குள் இடுப்புவரை நுழைந்து, மேல்பாதி தெற்கிலும் கீழ்ப்பாதி வடக்கிலுமாக, ஊரின் இரு பக்கத்தையும் இணைக்கும் பாலம்போல. புகைப்படக்காரர்களில் ஒருவர் வடக்கே நின்று வேட்டியை எடுத்தார், ஒருவர் தெற்கே போய் நின்று சிரிப்பை எடுத்தார். கீழ்ப்பாதிக்குப் பக்கத்தில் முதல் தடவையாக விழாவுக்கு அழைத்து வரப்பட்டிருந்த கமலவேணி, பட்டுப்புடவையில் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அந்த நேரத்தில்தான் ஆய்ந்து கண்டவரை இரண்டு நிமிடம் பேச அழைத்தார்கள்.

வேதநாயகி ஒலிபெருக்கியின் முன் வந்து, கைப்பையிலிருந்து ஒரு நகலை எடுத்தார். வகுப்பில் தூங்குகிறவர்களுக்குப் பாடம் நடத்திப் பழகிய குரலில் தொடங்கினார்.

"இந்தச் சுவரை எந்த மன்னரும் கட்டலை. நாமதான் கட்டினோம். தெற்குமேட்டுக்காரங்க தண்ணி எடுக்க வரக்கூடாதுன்னு, நம்ம தெருவுல நடக்கக்கூடாதுன்னு கட்டினோம். அப்படித்தான் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்காங்க. முதல் கையெழுத்து என் பூட்டனார், கணக்கர் வீட்டுச் சபாபதி. அடுத்தது கச்சேரி வீட்டார்."

கச்சேரி வீட்டு மருமகள் சுவருக்குள் தோளைச் சாய்த்துக்கொண்டிருந்தாள். தோள் இறுகுவதுபோல் இருக்கவே சட்டென்று உருவிக்கொண்டாள். "அடுத்தது மணிலாக் கொட்டை மண்டிக்காரர் வீடு," என்றார் வேதநாயகி, மண்டி முதலாளி காலை இழுத்துக்கொண்டார், செருப்பு உள்ளே நின்றுவிட்டது. பெயர் படிக்கப் படிக்க அந்தந்த வீட்டுக்காரர்கள் ஆங்காங்கே கையையும் காலையும் பிடுங்கிக்கொண்டு விலகினார்கள். ஏகாம்பரம் மட்டும் விலகவில்லை. ஒலிபெருக்கியின் சத்தம் அந்தப் பக்கம் மங்கலாகத்தான் கேட்டது, தன் பரம்பரைப் பெயரைச் சொல்கிறார்கள் என்றதும் பாராட்டுகிறார்கள் என்று நினைத்துக் கைகூப்பினார். கூப்பிய கை கூப்பியபடி இருக்க, இடுப்பைச் சுற்றிச் சுவர் செங்கல்லாயிற்று.

வடக்கே இரண்டு கால்கள் உதைத்துக்கொண்டன. ஆள்கள் பிடித்து இழுத்தார்கள், வேட்டி மட்டும் வந்தது. பிறகுதான் மற்றவர்களும் சுவரைத் தொட்டுப் பார்த்தார்கள். தெற்கே போயிருந்த புகைப்படக்காரரால் திரும்ப முடியவில்லை. மேட்டுக்குப் போக வேண்டிய டவுன் பஸ் முட்டிக்கொண்டு நின்றது, அதன் பின்னால் பால்வண்டி, அதன் பின்னால் மணல் லாரி, அதன் பின்னால் கடைத்தெரு முழுக்க ஹாரன் சத்தம். அன்று பிற்பகல்தான் பெருந்தாழை, தன் நடுவில் ஒரு சுவர் நிற்பதை முதன்முதலாகப் பார்த்தது. "அநியாயமா இருக்கே, மனுஷன் எப்படிப் போறது வர்றது?" என்று ஊர் கொதித்தது. நிபுணர் குழுத் தலைவரே தலையைச் சுவரில் முட்டிப் பார்த்துவிட்டு, தடை இருக்கிறது என்று அங்கேயே வாய்மொழியாக அறிவித்தார்.

தெற்கே வேறு காட்சி. தங்கள் பக்கம் ஒரு நகராட்சி பாதியாக முளைத்திருப்பதைக் கேள்விப்பட்டு மேடு முழுவதும் வந்து நின்றது. யாரும் கல்லை எடுக்கவில்லை. வெயில் அடிக்கிறதே என்று ஒருவர் குடை பிடித்தார். நெற்றியில் பிளாஸ்திரி ஒட்டிய ஒருவர், சுவர்மேல் தொங்கிய மெத்தை ஒன்றை அவிழ்த்து ஏகாம்பரத்தின் மார்புக்கு அடியில் முட்டுக்கொடுத்தார். "மனிதாபிமான அடிப்படைங்க," என்றார்.

சுகிர்தா வந்து நாடி பிடித்துப் பார்த்தார்.

"நான் மாட்டு டாக்டருங்க. பரவாயில்லையா?"

"அம்மா, தண்ணி," என்றார் ஏகாம்பரம்.

ஒரு சொம்பு வந்தது. அவர் அதைப் பார்த்தார், சொம்பைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார், இரண்டையும் பார்த்து முடிப்பதற்குள் தாகம் ஜெயித்துவிட்டது. மடமடவென்று குடித்தார்.

வடக்கே பொக்லைன் வந்து நின்றது. ஆனால் நகராட்சிப் பொறியாளர் விதிகளில் கறாரானவர். பாரம்பரியச் சின்னம் என்று தீர்மானம் போட்ட ஒன்றை இடிக்கத் தலைவரின் கையெழுத்து வேண்டும். தலைவரின் கையெழுத்தைப் போடும் கை இரண்டும் தெற்கே இருந்தன. கூட்டம் சிறிது நேரம் குழம்பியது. பிறகு ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் கமலவேணியின் பக்கம் திரும்பினார்கள், அப்படி ஒருவர் அங்கே இருப்பது அப்போதுதான் தெரிந்ததுபோல.

பொறியாளர் தாளை நீட்டினார். "இங்க ஒரு கையெழுத்துங்கம்மா. சாரைச் சுத்தி மட்டும் உடைக்கிறதா எழுதியிருக்கேன்."

கமலவேணி வாங்கிப் படித்தார். முழுவதும் படித்தார். பெருந்தாழை நகராட்சியில் ஒரு தாளைக் கையெழுத்துக்கு முன் யாரோ படித்தது அதுவே முதல் தடவை. பிறகு வேதநாயகியைக் கூப்பிட்டு, "அந்த டாக்டரம்மா நம்பர் இருக்கா?" என்று கேட்டுப் போன் செய்தார்.

"டாக்டரம்மா, அவர் எப்படி இருக்காரு?"

"நல்லாத்தான் இருக்காரு. தண்ணி குடிச்சாரு. தன் இடுப்பு அளவுக்கு மட்டும் ஓட்டை போட்டா போதுமாம், மத்த சுவரைத் தொட வேணாமாம், பாரம்பரியமாம். கத்திக்கிட்டே இருக்காரு. உங்களுக்குக் கேக்குதா?"

கமலவேணியின் எதிரே கணவரின் கால்கள் ஆடிக்கொண்டிருந்தன.

"சிக்னல் சரியில்ல டாக்டரம்மா," என்று போனை வைத்தார். பொறியாளரின் பேனாவை வாங்கி, 'சாரைச் சுத்தி மட்டும்' என்பதற்கான வரியை அடித்துவிட்டு, 'முழுச் சுவரும், ஏரிக்கரை முதல் பனங்காடு வரை' என்று தன் கைப்படத் திருத்தி எழுதினார். பழக்கம் விட்டுப்போன கையெழுத்து, கோணல்மாணலாக வந்தது. பொறியாளர் தயங்கினார்.

"இது அம்மா கையெழுத்து மாதிரி இல்லீங்களே."

"இதுதான் அம்மா கையெழுத்து," என்றார் கமலவேணி.

மாதக்கணக்கில் மெத்தையும் முகாமும் குழுவுமாக நின்ற சுவர் பொழுது சாய்வதற்குள் தரைமட்டமானது. ஏகாம்பரத்தைச் சுற்றி மட்டும் உளி வைத்துப் பதமாகச் செதுக்கி எடுத்தார்கள். எவ்வளவு செதுக்கியும் இடுப்பைச் சுற்றி ஒரு வரிச் செங்கல் பெயரவே இல்லை. அதன்மேல் வேட்டியைக் கட்டிக்கொண்டு, குனிய முடியாமல், எல்லோருக்கும் நிமிர்ந்தே வணக்கம் சொல்லிக்கொண்டு அவர் நடமாடினார். சுவரை இடிக்க வேண்டும் என்பதற்காகவே தன்னைச் சுவருக்குள் புதைத்துக்கொண்ட தியாகி என்று அடுத்த வாரமே போஸ்டர் வந்தது. ஊர் அதையும் படித்து, இருக்கலாம் என்றது. கமலவேணி காலையில் பத்து மணிக்கு அலுவலகம் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். செங்கல் இடுப்போடு ஏகாம்பரத்தால் அந்த நாற்காலிக்குள் இறங்க முடியாமல் போனதும் அதற்கு வசதியாக இருந்தது.

குவிந்து கிடந்த செங்கற்களை வீடு கட்ட எடுத்துக்கொள்ளுமாறு மேட்டு மக்களுக்கு நகராட்சி சொல்லியனுப்பியது. போதும், இவ்வளவு நாள் வைத்திருந்ததே போதும் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள்.

வேதநாயகியிடம் பெரிய தெருவில் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கணவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டியது கூட்டியபடி இருந்தது. கல்லூரியில் யாழினியின் நாற்காலி அப்போதும் காலியாகத்தான் கிடந்தது. சுகிர்தாவுக்குப் போன் செய்து கேட்டார்.

"சுவர் போச்சு, வழி இருக்குன்னு அவளுக்குத் தெரியும்," என்றார் சுகிர்தா. "ஆனா அத்தனை நாள் ஆப்சென்ட் போட்ட வகுப்புக்கு எந்த முகத்தோட வர்றதுன்னு கேக்குறா. நீங்களே நேர்ல வந்து கூப்பிடுங்க."

அப்படி ஒரு சாயங்காலம் வேதநாயகி தெற்குச் சாலையில் நடந்தார். அந்த ஊரின் ஒவ்வொரு கல்லையும் வரைபடத்தில் தொட்டுப் பார்த்தவர், அளவை நாடாவோடு அந்தக் கோடுவரை வந்தவர், கோட்டுக்கு அப்பால் வாழ்நாளில் ஒரு முறைகூடப் போனதில்லை. சுவர் இருந்த இடத்தில் மண் புதிதாகச் சிவந்து கிடந்தது. அங்கே வந்ததும் அவர் கால் நின்றது. கையை நீட்டிப் பார்த்தார், வெறும் காற்று. செங்கல் இல்லை, சுண்ணாம்பு இல்லை. ஆனாலும் கால் எடுக்கவில்லை. மாடுகள் அவரைத் தாண்டிப் போயின, பஸ் போனது, கண்டக்டர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

எதிரே, வேப்பமரத்தடியில், சுகிர்தாவும் யாழினியும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க மேடம்," என்றார் சுகிர்தா.

"வரேன்," என்றார் வேதநாயகி. வரவில்லை.

யாழினி ஓடிப்போய்க் கைகொடுக்க ஒரு அடி எடுத்து வைத்தாள். சுகிர்தா அவள் தோளைப் பிடித்து நிறுத்தினார். "வேணாம். அவங்களா வரட்டும்."

என்ன செய்வது என்று தெரியாத ஒரு தடுமாற்றத்தில், எந்தப் பக்கமிருந்து எப்படி நுழைவது மரியாதை என்று புரியாமல், வேதநாயகி சட்டென்று குனிந்து செருப்பைக் கழற்றப்போனார்.

"மேடம்!" என்று யாழினி கத்தினாள். மேடு முழுக்கக் கேட்கிற குரலில் கத்தினாள். "செருப்பைப் போட்டுக்கிட்டே வாங்க!"